பெஞ்சில் உட்கார்ந்த அத்தை

மழைநாள் ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வூட் சந்தியில் பேக்கரியின் சூடான பாண் வாசனையும் ஈரக் கம்பளி வாசனையும் பஸ்ஸின் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். எழுபதுகளில் நாங்கள் "டவுன்" என்று சொன்னது பாதைகள் வந்து கூடிய அந்தச் சிறிய வெளியைத்தான். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குச் செய்தி, சாமான், சண்டை, சம்பந்தம் எல்லாம் அங்கேதான் கிடைத்தன. மூலையிலிருந்த தேத்தண்ணிக் கடையில் ஆண்கள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். தோட்டத்துப் பெண்கள் வெளியே தாழ்வாரத்தில் நின்றே குடித்துவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார்கள். யார் அப்படி விதித்தது என்று யாரும் கேட்டதில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, அப்பாவின் தங்கை ராக்காயி அத்தை மலையில் சறுக்கி விழுந்து, சுளுக்கிய காலோடு அம்மாவுடனும் என்னுடனும் டவுனுக்கு வந்தாள். சாரல் தாழ்வாரம்வரை அடித்தது. அத்தை நொண்டிக்கொண்டே உள்ளே போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி அதட்டவில்லை, வெளியே வந்தால் தேத்தண்ணி தருவதாகத் தணிந்த குரலில் சொன்னார்.

"கால் வலிக்குதுங்க மொதலாளி. குடிச்சிட்டுத்தான் எந்திரிப்பேன்" என்றாள் அத்தை.

அவர் கிளாஸைக் கொண்டுவந்து வைத்தார். அத்தை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். வெளியே அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாங்கள் திரும்புமுன்பே செய்தி லயத்துக்குப் போயிருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்ட மாமா, அத்தையின் கணவர், அதன்பின் அவளோடு பேசவில்லை. அவள் ஆக்கியதைத் தொடவுமில்லை. அடுத்த ஞாயிறு கால் சரியாகிவிட்டது. சாக்குச் சொல்ல ஒன்றுமில்லாமலேயே அத்தை டவுனுக்குக் கிளம்பினாள். வேண்டாமென்று தடுத்துக்கொண்டிருந்த அம்மா, பேச்சை நிறுத்திவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு கூடவே போனாள். இருவரும் உள்ளே உட்கார்ந்தார்கள். பிறகு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருநாள் மாமாவும் வந்து எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தை குடித்து முடிக்கும்வரை இருந்து, அவளோடு எழுந்து நடந்தார்.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்க ஒப்பந்தத்தில் பேர் வந்து, அத்தையும் மாமாவும் அங்கே போய்விட்டார்கள். பாதையை அகலப்படுத்தியபோது கடையும் போயிற்று. சென்ற மாதம் அதே சந்தியில் ஒரு ஹோட்டலுக்குள், தோட்டத்துப் பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் சத்தமாகச் சிரித்தபடி ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். இதில் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கக்கூடும். அப்படிக் கேட்கிற நிலைமையே நல்லதென்று பட்டது, சொல்லாமல் வந்துவிட்டேன்.