ஒன்பது அடி இறக்கையோடு விருத்தாசலம் போய்வந்தோம்

இந்தப் பிப்ரவரியில், நெல் அறுப்பு முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்த ஒரு வார இறுதியில், நானும் என் கணவர் சேகரும் திருச்சியிலிருந்து விருத்தாசலம் போய்வந்தோம். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ இல்லை. நாங்களே கட்டிய விமானத்தை முதல்முறையாகப் பறக்கவிடப் போனோம்.

விமானம் என்றதும் பொம்மைக் கடையில் தொங்குவதை நினைத்துவிடாதீர்கள். அசல் பயிற்சி விமானம் ஒன்றின் நான்கில் ஒரு பங்கு அளவு. இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை ஒன்பது அடி. எடை பதினொரு கிலோ. மூக்கில் ஒரு பெட்ரோல் என்ஜின், உள்ளே பால்சா என்னும் இலேசான மரத்தில் சட்டங்கள், மேலே மஞ்சள் நிறப் படலம். தரையில் நின்றபடி ரிமோட்டில் ஓட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கட்டுவது நான், ஓட்டுவது சேகர். மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குள் போயிருக்கின்றன. வங்கியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

விருத்தாசலம் எதற்கு என்றால், காரணம் ஜோசப். பீங்கான் பட்டறைகளுக்கு பிளாஸ்டர் அச்சு செய்து கொடுப்பவர். பொம்மை, கப், மின்சார ஃப்யூஸ் என்று எதற்கும் அவரிடம் அச்சு உண்டு. விமானப் பிரியர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் பழக்கமானார். எங்கள் என்ஜினை மூடும் மூக்கு உறை மட்டும் எனக்குச் சரியாக அமையாமல் இருந்தது. மரத்தில் வடிவம் செய்து அவருக்கு அனுப்பினேன். அச்சு தயார், இங்கேயே வந்து உறையை வார்த்துக்கொள்ளுங்கள், பறக்கவிட வயலும் பார்த்து வைக்கிறேன் என்றார். திருச்சியைச் சுற்றி இப்போது எந்தப் பக்கம் போனாலும் மின்கம்பியும் மனைப்பிரிவுக் கல்லும்தான். இரண்டு பேரும் யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நண்பர் ஒருவரின் பழைய வேனில் கிளம்பினோம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, விமானத்தின் உடலை மெத்தை மேல் படுக்க வைத்தோம். இரண்டாகப் பிரித்த இறக்கைகளைப் போர்வையில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். பெரம்பலூர், தொழுதூர் வழியாக வேப்பூர் வரை நாற்கரச் சாலை. அங்கே வலப்புறம் திரும்பினால் நல்லூர் தாண்டி விருத்தாசலம். மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். நல்லூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, கடைக்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். போர்வை சுற்றியிருந்த விதம் அப்படி. விமானம் என்று சொன்னதும் டீயைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தார். எட்டரைக்கெல்லாம் ஜோசப்பின் கொட்டகையில் இருந்தோம்.

அச்சுக் கொட்டகை முழுக்க வெள்ளை. தரை, சுவர், ஜோசப்பின் புருவம் எல்லாமே பிளாஸ்டர் தூள். அலமாரியில் பிள்ளையார் அச்சுகளுக்கும் காது வைத்த கப் அச்சுகளுக்கும் நடுவில் எங்கள் விமானத்தின் மூக்கு இரண்டு பாதியாக உட்கார்ந்திருந்தது. உட்புறம் விரலால் தடவிப் பார்த்தேன். முட்டை ஓடு போல வழுவழுப்பு. கண்ணாடி இழைத் துணியை அதற்குள் படிய வைத்து, பிசின் பூசி, மூன்று அடுக்கு போட்டு அவர் வீட்டு மொட்டைமாடி வெயிலில் வைத்தோம். மாலைக்குள் இறுகிவிட்டது. அச்சிலிருந்து உறை சத்தமே இல்லாமல் கழன்று வந்தபோது ஜோசப் சிரித்த சிரிப்புக்காகவே ஒருமுறை போகலாம். அன்று மாலை பழமலைநாதர் கோயிலுக்குப் போய்விட்டு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் தங்கினோம். இருவருக்கு 900 ரூபாய், சுத்தமான அறை.

ஞாயிறு விடிந்ததும், கம்மாபுரம் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் போய், ஒரு மண்பாதையில் இறங்கினோம். ஜோசப்பின் நண்பருடைய வயல். அறுத்த நெல்லின் தாள் மட்டும் நின்றது. அதன் ஓரமாக நீளமான களம், அதுதான் எங்கள் ஓடுதளம். ஒரு பக்கம் உளுந்து, மறு பக்கம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்பு. பறக்கத் தடை இல்லாத பகுதிதானா என்று அரசு வரைபடத்தில் பார்த்திருந்தோம், காவல் நிலையத்திலும் சொல்லியிருந்தோம். காற்று அசையவில்லை. இறக்கைகளை மாட்டி, புது உறையை முடுக்கி, என்ஜினைச் சுழற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

அது தரையை விட்டு எழுந்த கணத்தை எழுதத் தெரியவில்லை. என் மடியில் கிடந்த மரக்குச்சிகள் மேலே போயின, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. சேகர் இரண்டு வட்டம் அழகாக அடித்தார். மூன்றாவது வட்டத்தில் என்ஜின் இருமியது. பிறகு நின்றேவிட்டது. களத்துக்குக் கொண்டுவர அவர் முயன்றார், உயரம் போதவில்லை. விமானம் கரும்பின் தலைக்கு மேல் சறுக்கிக்கொண்டே போய் உள்ளே இறங்கி மறைந்தது. சரசரவென்று ஒரு சத்தம், அப்புறம் எதுவுமில்லை.

சேகர் ரிமோட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நாங்கள் கரும்பு ஓரத்துக்குப் போவதற்குள் மூன்று பைக்குகள் மண்பாதையில் வந்து நின்றன. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவர் அன்பழகன், முப்பது வயதிருக்கும். யார் அனுப்பி வந்தீர்கள், எந்த ஆபீஸ், எவ்வளவு தூரம் படம் எடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். ஜோசப் விளக்கிப் பார்த்தார். விளையாட்டுக்காகப் பறக்கவிடுகிறோம் என்று நானும் சொன்னேன்.

"இவ்ளோ பெரிசா ஒரு வெளையாட்டா? யாருகிட்டங்க சொல்றீங்க?" என்றார் அன்பழகன்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அங்கிருந்து பார்த்தால் தொலைவில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேடு தெரிகிறது. எந்த வருடம் எந்த வயல் அதற்குள் போகும் என்ற பேச்சு அந்த ஊர்களில் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் தலைக்கு மேல் ஒன்று வட்டமடித்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? வரைபடத்தில் தடை இருக்கிறதா என்று பார்த்த நாங்கள், பக்கத்து வயல்காரர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

கூட்டத்தில் ஒரே ஒரு பெண். ஐம்பது வயதைத் தொடுபவர், புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெயர் அஞ்சலை. கரும்பு அவருடையது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அதுல கேமரா இருக்குதாம்மா?"

"இல்லீங்கக்கா. ஒண்ணுமே இல்ல. கெடச்சா பிரிச்சுக் காட்டிடறேன்."

"பொய்யா இருந்தா?"

"நீங்களே வெச்சிக்குங்க."

அவர் அன்பழகனிடம் திரும்பி, முதலில் தேடி எடுப்போம், வம்பை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். கரும்புக்குள் இறங்கப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினார். வெறுங்கையோடு போனால் சோகை, அதாவது கரும்புத் தோகை, அறுத்துவிடும் என்று சொல்லி, தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். தன் கைகளில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். என்னை நம்பாதபோதே செய்த உதவி அது. அதை என்னால் மறக்க முடியாது.

எல்லோரும் வரிசையாக உள்ளே நுழைந்தோம். இரண்டடி தள்ளி நிற்பவர் தெரியவில்லை. புழுக்கம், தூசி, கழுத்தில் கரும்புச் சுணையின் அரிப்பு. பத்து நிமிடத்தில் திசையே குழம்பிவிட்டது. கடைசியில் அன்பழகன் வெளியே போய், கரும்பின் ஓரத்திலிருந்த மோட்டார் கொட்டகையின் மேல் ஏறி நின்று பார்த்து, மஞ்சளாக ஏதோ தெரிகிறது, இன்னும் இடது பக்கம் போங்கள் என்று குரல் கொடுத்தார்.

விமானம் தரையைத் தொடவே இல்லை. கரும்புகள் அதை இடுப்பு உயரத்தில் தாங்கிப் பிடித்திருந்தன. மூக்கில் சுழலும் காற்றாடி இரண்டு துண்டு, இடது இறக்கையின் படலம் நீளமாகக் கிழிந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. நாலு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். களத்தில் சாக்கை விரித்து, சொன்னபடியே எல்லோர் கண் முன்னாலும் பிரித்தேன். பெட்ரோல் டேங்க், பேட்டரி, சிக்னல் வாங்கும் சின்னப் பெட்டி, வாலை அசைக்கும் குட்டி மோட்டார்கள். சேகர் ரிமோட்டை அசைக்க, வால் இப்படியும் அப்படியும் திரும்பியது. அன்பழகன் குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தார். மரச் சட்டங்களை விரலால் தொட்டார்.

"இதெல்லாம் நீங்க வெட்டுனதா?"

"ஆமா."

"கேமரா இல்ல, சாமானும் ஏத்தல. அப்ப எதுக்குங்க வுடுறீங்க?"

"பறக்கறதப் பாக்கறதுக்குத்தான்."

அவர் நிமிர்ந்து அஞ்சலை அக்காவைப் பார்த்தார். அக்கா எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: முன்பு ஒரு தடவை பக்கத்து ஊர் மேல் ஏதோ பறந்தது, கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து சுரங்கத்துக்காக நிலத்தை அளந்தார்கள், அதிலிருந்து மேலே சத்தம் கேட்டாலே அடுப்பில் உலை கொதிப்பதைக்கூட விட்டுவிட்டு வெளியே ஓடிவருகிறோம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒடிந்த கரும்புக்கு ஏதாவது தருகிறோம் என்று சேகர் சொன்னதற்கு, நாலு கரும்பை மாடு தின்றதாக நினைத்துக்கொள்கிறேன் என்றார்.

என்ஜின் நின்றதன் காரணமும் அப்போதே தெரிந்தது. புது உறையின் விளிம்பு, டேங்க்குக்குக் காற்று போகும் குழாயை நசுக்கியிருந்தது. தன் அச்சுதான் கெடுத்தது என்று ஜோசப்புக்கு முகம் விழுந்துவிட்டது. குழாயை அந்த வழியாக விட்டது நான்தான் என்று அவருக்குப் புரியவைக்கவே நேரம் பிடித்தது. விளிம்பை அரத்தால் கொஞ்சம் தேய்த்து, குழாயை வேறு வழியில் விட்டு, மாற்றுக் காற்றாடியைப் பூட்டி, கிழிசலை ஒட்டினோம். ஒவ்வொரு இணைப்பையும் இழுத்து அசைத்துப் பார்த்தேன். ஊருக்குக் கொண்டுபோகத் தயார்ப்படுத்துவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கட்டிக்கினு கெளம்பறீங்களா?" என்று கேட்டார் அக்கா. "இன்னொரு தபா வுடுங்க. நம்ம நெலத்தக் கேக்காத ஒண்ணு மேல போவட்டும். அதையும் பாத்துடறோம்."

சேகர் கரும்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ரிமோட்டை என்னிடம் நீட்டி, "நீ ஓட்டு" என்றார். சின்ன விமானங்களை ஓட்டியிருக்கிறேன், இதை ஓட்டியதில்லை. ஆனால் இதன் ஒவ்வொரு சட்டமும் எனக்குத் தெரியும். எல்லோரையும் எனக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். இதற்குள் சேதி போய், களத்தில் நாற்பது பேராவது கூடியிருந்தார்கள்.

விமானம் எழுந்தது. என் கண் அதை விட்டு அகலவில்லை என்பதால் மற்றவர்களின் முகங்களை நான் பார்க்கவில்லை. உளுந்து வயல் மேல் போய், கரும்பைச் சுற்றி, வெயிலில் மஞ்சளாகத் திரும்பி வந்தது. ஆறு நிமிடம் ஓட்டி, இரண்டு குதி குதித்துக் களத்தில் இறக்கினேன். நின்ற பிறகுதான் திரும்பினேன். அஞ்சலை அக்கா புருவத்தின் மேல் கை வைத்தபடி, காலியான வானத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்பழகன் ஓடிப்போய், சொல்லிக் கொடுக்காமலே வாலைப் பதமாகப் பிடித்துத் தூக்கி வந்தார்.

மதியம் அக்கா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்றதற்கு விடவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரி, மார்ச் காலைகள்தான் சரி. ஒன்பது மணிக்கு மேல் காற்று எழுந்துவிடும். பறக்கும் பகுதியை வரைபடத்தில் அன்றன்றைக்குப் பாருங்கள், சுரங்கத்தை நெருங்க நெருங்க விதிகள் மாறலாம். காவல் நிலையத்தில் சொல்வது போலவே ஊராட்சியில் சொல்லுங்கள், அதற்கும் முன்னால் சுற்றியுள்ள வயல்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முடிந்தால் விமானத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள். புதிதாக எதைப் பொருத்தினாலும் தரையில் ஐந்து நிமிடமாவது என்ஜினை ஓட்டிப் பார்க்காமல் மேலே அனுப்பாதீர்கள். முழுக்கைச் சட்டை எடுத்துப் போங்கள். எங்களுக்கு டீசல், சுங்கம், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது.

மூன்று வருடம் கட்டியது ஒரு காலையில் தொலைந்துபோயிருக்கலாம். அதைத் தேடிக் கொடுத்தவர்கள், எங்களைப் பார்த்து முதலில் பயந்தவர்கள். தங்கள் மண் என்ன ஆகுமென்று தெரியாத நிலையிலும், யாரென்றே தெரியாத எங்களுக்காகச் சோகையில் கையைக் கீறிக்கொண்டார்கள். நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

போன வாரம் வங்கியில் இருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"கரும்பு வெட்டியாச்சும்மா. வெட்டவெளியா கெடக்குது. இனிமே வுழுந்தாலும் தேட வேணாம், வாங்க."