றஞ்சிதம் அழித்த வரி

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் றஞ்சிதம் கணினி முன் உட்காருவார். காற்று இருந்தால் கவனம் பறந்துவிடுமாம். கீழே கொழும்பின் காலி வீதியில் ஓடும் பஸ்களின் இரைச்சல் மட்டும் அவருக்கு ஒரு பொருட்டேயில்லை. வெள்ளவத்தை மாடியொன்றில் இருக்கும் அந்த அலுவலகத்தில் மற்ற எல்லோரும் பைதன் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுவார்கள். வேகத்துக்காக அதன் அடியில் ஒட்டவைத்த சி மொழி நீட்சியை மேய்ப்பவர் ஐம்பது தாண்டிய இவர் ஒருவர்தான். திரையோடு சண்டையும் பிடிப்பார்.

"வெளிக்கிடு எண்டு சொன்ன பிறகும் ஆர் உள்ளுக்கை நிக்கிறது?"

விளங்காதவர்களுக்கு எதிரேயுள்ள லொட்ஜைக் காட்டுவார். ஆள் இருக்கும்போதே அறை காலி என்று சொன்னால், அடுத்தவருக்கும் அதையே கொடுத்துவிடுவார்கள். கணினியின் நினைவகத்திலும் அதே கூத்துத்தான்.

இரத்தப் பரிசோதனை நிலையங்களுக்காக அவர்கள் செய்த மென்பொருள் நினைத்த நேரத்தில் செயலிழந்து விழுந்துகொண்டிருந்தது. எங்கே விழுகிறது என்று பார்க்க, முகாமையாளர் றொஹான் திரையில் ஏதோ அச்சிடும் ஒரு வரியை நிரலில் சேர்த்தார். விழுவதே நின்றுவிட்டது.

"சரியாப் போச்சு அக்கா. வரியை அப்பிடியே விட்டிட்டு அனுப்புவம்."

"ஏன் நிண்டது எண்டு தெரியுமோ?"

"நிண்டிட்டுது தானே!"

"விழுந்தால் எல்லாருக்கும் தெரியும், தம்பி. விழாமல் நிண்டு பொய் சொன்னால்?"

றொஹான் சிரித்தார். றஞ்சிதம் கற்பனை நோயாளிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி மென்பொருளை ஓடவிட்டார். அது விழவில்லை. ஒருவருடைய இரத்தச் சீனி அளவை இன்னொருவர் பெயருக்குக் கீழே அமைதியாகக் காட்டியது. அதன்பின் அனுப்பும் கதையை றொஹான் எடுக்கவில்லை.

றஞ்சிதம் ஒரு கிழமை, ஏழு நாளும், தேடினார். நினைவகத்தில் இரவல் வாங்கிய இடத்தைத் தன்னுடையதென்று நினைத்து, ஆள் போகுமுன்னே காலி என்று அறிவித்துக்கொண்டிருந்தது ஒரு வரி. அதை அழித்தார். அந்தப் பிழையை மறைத்துக்கொண்டிருந்த றொஹானின் வரியையும் அழித்தார். பிறகு எத்தனை முறை ஓடவிட்டும் பெயரும் இலக்கமும் பிசகவில்லை.

"ஒரு கிழமையா எழுதினது ஒரு வரியோ, அக்கா?"

"எழுதேல்லை. அழிச்சனான்."

மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது, றொஹானுக்கு. கூடவே பெரிய கேக்கும் வந்தது. அவர் முதல் துண்டை வாயருகே கொண்டுபோன நேரம் கைபேசி சிணுங்கியது. காலையில் அவர் கொடுத்த இரத்தத்தின் முடிவு. அனுப்பியதும் இதே மென்பொருள்தான். சீனி அளவு எல்லை தாண்டியிருந்தது; றொஹான் கைபேசியை றஞ்சிதத்திடம் நீட்டினார்.

"அக்கா, இந்தச் சீனி என்ரைதானோ? வேறை ஆரின்ரையும் மாறி வந்திட்டுதோ?"

றஞ்சிதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைப் பார்த்தார். இலக்கத்தையும் பார்த்தார்.

"இனி மாறாது, தம்பி" என்றவர், றொஹானின் முன்னாலிருந்த கேக் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.