நாளைக்கும் நாலு பாகை

மூன்று நாளுக்குப் பிறகு இன்று காலைதான் மின்சாரம் வந்தது. எங்கள் ஒழுங்கையில் இரண்டு பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல். அக்காவின் கைக்குழந்தையைத் தடுப்பூசிக்கு ஊர் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மின்சாரமில்லாமல் ஊசிமருந்து கெட்டிருக்குமோ என்ற பயம் எனக்கு.

பயம் வீண். சேவையின் தரத்தை உயர்த்துவதற்காகக் குளிர்சாதனப் பெட்டியில் அட்டை ஒன்று தொங்கவிட்டிருக்கிறார்கள். தினமும் வெப்பநிலையைப் பதிய வேண்டும். மின்சாரம் இல்லாத மூன்று நாளும் நாலு பாகை என்று எழுதியிருக்கிறது. நாளைக்கும் நாலு பாகை.

“மிஸ், நாளைக்கு இன்னும் விடியேல்லையே?” என்று தாதியிடம் கேட்டேன்.

“நான் குச்சவெளியில இருந்து வாறனான், தம்பி. நேற்றும் சென்றியில ஆமிக்காரர் மறிச்சுத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள். கட்டம் வெறுமையாக் கிடந்தால் மேலிடத்தில இருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதால வாற அண்டைக்கே எல்லாத்தையும் நிரப்பிப் போடுவன்.”

“அப்ப பிள்ளைக்கு ஊசி போடலாமோ?” என்றாள் அக்கா.

தாதி குரலைத் தாழ்த்தினார். “என்ர பிள்ளையெண்டால் போடமாட்டன். டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ. அங்க ஜெனரேற்றர் இருக்கு.”

“டவுன் பாதை பூட்டியெல்லோ கிடக்கு?” என்றேன்.

“ஓம்.”

பின்னேரத்திலிருந்து பிள்ளை இரண்டு தரம் இருமிவிட்டது. நாளைய வெப்பநிலை எங்களுக்குத் தெரியும். நிலாவெளியால் டவுனுக்குப் போகும் பாதை எப்போது திறக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.