ரேணுகா அக்கா எழுப்பிய பழைய மெஷின்

எழுமலையில் ஒரு உரக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்திருந்தபோது மோகன் அண்ணன் போன் செய்தார். ரேணுகா அக்காவின் தம்பி அவர். ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வாரேன்ணே, அக்காட்ட சொல்லிருங்க" என்றேன். "அக்கா போயிருச்சுப்பா. காலைல நெஞ்சு வலின்னுச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் பேசிக்கிட்டேதான் வந்துச்சு" என்றார். உடனே பஸ் ஏறினேன். அக்கா வீட்டுக்குச் செல்லூரில் இறங்கியபோதுதான் கையில் கடைக்காரரின் திருப்புளி இருப்பதைக் கவனித்தேன்.

வங்கியில் கூடவே வேலை பார்த்தவர்களுக்கு அவர் கவுன்டரில் அதட்டும் ரேணுகா மேடம். மெயிலில் மட்டும் பழகியவர்களுக்கு, நீளநீளமாகச் சண்டை போடும் ஒரு பெயர். எனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை அக்கா. அவரைப் பற்றித்தான் எழுத முடியும்.

முதலில் பார்த்தது கோரிப்பாளையத்தில், பழைய கம்ப்யூட்டர் விற்கும் பாய் கடையில். நான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த நேரம். தூசி படிந்த ஒரு மெஷின் மேல் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கை வைத்தோம்.

"அத வச்சு என்ன தம்பி செய்வ?"

"போட்டுப் பாப்பேன்."

"பாத்துட்டு?"

"தெரியல. நீங்க என்ன செய்வீங்க?"

"நானும் போட்டுத்தான் பாப்பேன். ஆனா நான் ஓடுற வரைக்கும் விடமாட்டேன்."

பாய் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ரெண்டு பேருமாச் சேந்து தூக்கிட்டுப் போங்கம்மா. எனக்கு எடம் காலியானாப் போதும்."

அப்படியே அக்கா வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி விட்டிருக்கிற யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று. அதை இந்தப் பழைய மெஷினில் ஓட வைப்பதுதான் வேலை. இதன் சிப் இப்போதைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் வகை இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் எப்படி எழுப்புவது, எப்படிப் பேச வைப்பது என்று புதிதாக எழுத வேண்டும். ஞாயிறுதோறும் அக்கா எழுதுவார். நான் வயர் மாட்டி, ஓட்டிப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று கத்துவேன். கத்தத்தான் வேண்டும், கீழ் வீட்டில் பவர்லூம். அக்காவின் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு சௌராஷ்டிரத்தில் ஏதோ முணுமுணுப்பார்.

"என்னக்கா சொல்றாங்க?"

"மாப்ள பாரு, மாப்ள பாருன்னா பொட்டியப் பாக்குறாளாம். நீ வயரப் பாரு."

அந்த மெஷினுக்குள் அதை விற்ற கம்பெனியே போட்டுக் கொடுத்த பழைய சிஸ்டமும் உயிரோடு இருந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா முதலில் அதைத்தான் எழுப்புவார். நீலத் திரை வந்ததும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அணைக்காமல் அப்படியே ரீஸ்டார்ட் செய்து எங்கள் சிஸ்டத்துக்கு வருவார். எனக்குப் பொறுமை கிடையாது. எதற்கு இது என்று கேட்டால், "ஏற்கனவே குடியிருக்கிறவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான்டா உள்ள போகணும்" என்பார்.

ஒரு ஞாயிறு எல்லாம் ஓடியது. அக்கா உலகத்துக்கே மெயில் போட்டார். அதே மெஷின் வைத்திருந்தவர்கள் போட்டுப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஓடவில்லை. வெளிநாட்டுப் பையன் ஒருவன் விடாமல் எழுதினான். "உன் மெஷினைச் சோதித்துப் பார்" என்று அக்காவும் விடாமல் பதில் எழுதினார். கடைசியில் அந்த இலவச சிஸ்டத்தை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்: ஒரே ஒரு வீட்டில் மட்டும் ஓடுவதை வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த வெளியீட்டில் இந்த மெஷினுக்கான பகுதியை எடுத்துவிடுவோம். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் கரன்ட் போனது. அக்கா அடுப்படியில் இருந்தார். கரன்ட் வந்ததும் நான் நேராக எங்கள் சிஸ்டத்தைப் போட்டேன். இரண்டு வரி வந்தது. அதோடு நின்றது.

"என்னடா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலக்கா. குடியிருக்கிறவர எழுப்பல, அம்புட்டுத்தான்."

கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். மெஷினுக்குள் நேரத்தை அளக்கும் ஒரு சிப் உண்டு. பழைய சிஸ்டம்தான் ஒவ்வொரு முறையும் அதை எழுப்பிவிட்டுப் போயிருக்கிறது; அணைக்காமல் ரீஸ்டார்ட் செய்ததால் அது விழித்தபடியே இருந்தது. எங்கள் சிஸ்டத்துக்கு விழித்திருந்த சிப்பைப் பயன்படுத்தத்தான் தெரிந்ததே தவிர, அதை எழுப்பவே தெரிந்திருக்கவில்லை. மற்றவர்களின் மெஷினில் பழைய சிஸ்டம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. அக்கா வீட்டில் மட்டும் ஓடியது, பழைய சிஸ்டத்துக்கு அவர் காட்டிய மரியாதையால்.

"சத்தமில்லாம திருத்தி அனுப்பிருவோம்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"அந்தப் பையன் தன் மெஷின்தான் செத்துப்போச்சுன்னு நம்பிக்கிட்டிருக்கான்டா. அவன்ட்ட யாரு சொல்றது? நீ சொல்வியா?"

திருத்தத்துக்கு முன்பே மெயில் போட்டார். அவ்வளவு நீளமாக எழுதுகிறவர் அன்று எழுதியது மிகச் சிறியது: "உங்கள் மெஷின் நன்றாக இருக்கிறது. கோளாறு என்னுடையது. பொறுத்துக்கொள்ளுங்கள்." அனுப்பிவிட்டு, "ரசம் ஆறுது, வா" என்று எழுந்து போனார். அடுத்த வாரம் அந்தப் பையனின் மெஷின் ஓடியது. அந்தப் பகுதியை யாரும் எடுக்கவில்லை. அதன் பொறுப்பாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் ஏறியது.

இப்போது சிஸ்டத்தை நடத்துகிறவர்கள் கேட்கிறார்கள், இனிமேல் யார் பொறுப்பு என்று. ஆள் இல்லையென்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவார்களாம். மோகன் அண்ணன் மெஷினைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். பொறுப்பாளர் இடத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். இந்த மெஷின் வைத்திருக்கும் உங்களில் யாருக்காவது அது ஓடவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். உங்கள் மெஷினைக் குறை சொல்லமாட்டேன். முதலில் என் பக்கத்தைப் பார்ப்பேன். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதைத்தான்.