றெஜினா சொன்ன பதில்

போன கிழமை பாமசியில் முழங்காலுக்குத் தைலம் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அதே பழைய காரமான மணம்; உடனே மூடிவிட்டேன். நான் இலங்கைப் பெண்கள் ஹொக்கி அணியில் ஆடியவள் என்றால், இப்போது என் உடம்பைப் பார்த்து யாரும் நம்பமாட்டார்கள். நீங்களாவது நம்புங்கள்.

எழுபதுகளின் கடைசி. திருகோணமலையில் துறைமுகத்துக்கு அருகே ஒரு கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். வேலை முடிந்ததும் நானும் தோழி றெஜினாவும் மைதானத்துக்கு ஓடுவோம். மைதானம் என்பது மரியாதைக்குத்தான். சரளைக்கல்லும் மான் புழுக்கையும். மான்களைத் துரத்திவிட்டுத்தான் பந்தை வைப்போம். இருவருமே வலதுபக்க முன்வரிசை. நாட்டு அணிக்கு எங்களில் ஒருத்திதான் தேவை. அதைப்பற்றி நாங்கள் கதைத்ததேயில்லை.

வெளிநாட்டுப் பயணத்துக்கு என்னைத் தெரிந்தெடுத்தார்கள். எனக்கு ஏலாமல் போனால் றெஜினா. இரண்டு கிழமை இருக்கையில் கல்லில் கால் மடங்கி முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டில் மூச்சு விடவில்லை. றெஜினாதான் தன் அறையில் வைத்துத் தைலம் தேய்த்தாள்.

கடைசியாக ஒருமுறை எங்கள் ஆட்டத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து நாட்டு அணியின் பயிற்சியாளர் அம்மா வந்தார். நொண்டாமல் ஓடப் பெரும்பாடுபட்டேன். ஆனாலும் அவர் கண்ணில் ஏதோ பட்டுவிட்டது. என்னை விட்டுவிட்டு றெஜினாவிடம் போய், இவளுக்குக் கால் சுகமா என்று கேட்டார். றெஜினா மட்டையின் பிடித்துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஓம் மிஸ், சுகம்தான்."

விமானத்திலும் விடுதியிலும் முழங்காலைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தேன். முதல் ஆட்டத்தில் எப்படியோ தப்பினேன். இரண்டாவதில் பத்தாவது நிமிடமே விழுந்தேன்; தூக்கிக்கொண்டு போனார்கள். என் சர்வதேச ஆட்டம் அவ்வளவுதான்.

திரும்பும் ரயில் கந்தளாய் தாண்டியதிலிருந்து றெஜினாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடி வந்தேன். ஸ்டேஷனில் றெஜினா நின்றாள். ஏசப்போகிறாள் என்றிருந்தேன். அவள் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "புல்லுத்தரை எப்பிடியடி இருந்தது?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் அதுவரை புல்லில் ஆடியதில்லை.

"பந்து சத்தமில்லாமப் போகுது," என்றேன். வீடு வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தாள்.

பிறகு சில வருடங்கள் தினமும் சந்தித்தும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் முகம் மாறிவிடுமோ என்ற பயம். கலவரத்தில் ஊர் கலங்கிய நாட்களில் ஒருநாள் துணிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு உம்மா எட்டிப் பார்த்தார்.

"அவங்க நேத்தே போயிட்டாங்க, மகள்."

எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அந்த வருடமே மைதானத்தைச் சுற்றி இராணுவத்தின் முள்வேலி வந்தது. பெண்கள் மட்டையோடு சைக்கிளில் போவதும் அதோடு நின்றது.