தேன் நிறத்தில் ஓர் ஓட்டை

அன்று காலை பதினொரு மணிக்குள் ‘தேன்’ என்ற சொல் நாலு தடவை அம்புஜத்தின் காதில் விழுந்துவிட்டது. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

முதலில் சொன்னது முதலாளி அனந்தபத்மநாபன். “ஆமா சார், அந்தத் தேன் கலர் நம்ம அனுஷா பண்ணதுதான்” என்று போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்து, கல்யாண வீடியோ விஷயமாகப் பேச வந்த ஒரு ஜோடி. பெண் ஒரு தடவை, மாப்பிள்ளை ஒரு தடவை. நாலாவதாகச் சொன்னது அனுஷாவே. “அம்பு, முதல் பாதிக்குத் தேன் போட்டுட்டேன். ரெண்டாவது பாதி நீ எடுத்துக்கறியா?” என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டாள். குரலில் துளி பெருமை இல்லை. பெருமையடித்துக்கொண்டாலாவது மனசுக்குள் திட்டித் தீர்க்கலாம். அதற்கும் அவள் வழி வைக்கவில்லை.

அந்த ஸ்டூடியோ பெங்களூரில் காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. அம்புஜம் அங்கே பத்து வருஷமாக வேலை பார்க்கிறாள். வயது முப்பத்தெட்டு. பிறந்தது, வளர்ந்தது, கல்யாணமாகிக் குடியிருப்பது எல்லாம் மர்ஃபி டவுன்தான். அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்தவர். பத்தொன்பது வயதில் கமர்ஷியல் தெருப் பக்கம் ஒரு போட்டோ லேபில் பிரின்ட் போடும் மெஷினில் உட்கார்ந்தவள், மஞ்சளை ஒன்று கூட்டு, மெஜந்தாவை இரண்டு குறை என்று விரல் நுனியிலேயே நிறத்தைப் படித்துக்கொண்டாள். லேப் மூடியதும் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு இங்கே வந்தாள். ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, முதலில் முகத்தைச் சரிசெய்து, பிறகு சேலை, பிறகு பின்புறம் என்று போவாள். ஒரு கல்யாணத்துக்கு மூன்று வாரம் பிடிக்கும். “அம்புஜம் கை பட்டா மொகம் மொகமா இருக்கும்” என்று முதலாளி அப்போதெல்லாம் சொல்வார்.

அனுஷா வந்து மூன்று வருஷம் ஆகிறது. கிருஷ்ணகிரிக்காரி. ஐ.டி. வேலைக்காக பெங்களூர் வந்து, அது பிடிக்காமல் இதற்கு வந்தவள். அம்புஜத்துக்கும் அவளுக்கும் ஒரே வயது. அவள் கொண்டுவரும் கத்திரிக்காய்க் குழம்பில் பாதி இவளுக்கு, இவளுடைய மீன் வறுவலில் பாதி அவளுக்கு. இரண்டு வருஷம் அப்படித்தான் போயிற்று. அப்புறம் அனுஷா தேனைச் செய்தாள்.

கல்யாணத்தில் கேமரா பிடிக்கும் படம் உள்ளபடியே பார்க்க நன்றாக இருக்காது. பின்னால் திருத்த வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வெளிறலாக எடுப்பார்கள். அதற்கு நிறம் கொடுப்பதுதான் இவர்கள் இருவர் வேலையும். அனுஷா ஒரு கல்யாணத்தை எடுத்து, வெயில் பட்ட தேன் மாதிரி ஒரு நிறத்துக்குக் கொண்டுவந்தாள். அதோடு விடவில்லை. அந்த நிற மாற்றம் முழுவதையும் ஒரு அட்டவணையாக ஒரே கோப்பில் இறக்கி வைத்தாள். சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று படத்தின் ஒரு புள்ளி உள்ளே போனால், அது எந்த நிறமாக வெளியே வரவேண்டும் என்பதை அட்டவணை சொல்லிவிடும். கம்ப்யூட்டர் யோசிக்க வேண்டாம். தேடி, பார்த்து, மாற்றினால் போதும். தொழிலில் இதற்கு லட் என்று பெயர். ஸ்டூடியோவில் அது லட்டு ஆகிவிட்டது. அனுஷாவின் லட்டை ஒரு கல்யாணத்தின் மேல் இழுத்துப் போட்டால் ஆயிரம் காட்சியும் ஒரே நொடியில் தேன் நிறமாகும். மூன்று வார வேலை நாலு நாளில் முடிந்தது.

முதலாளி அதைத் தன் விளம்பரத்தில் போட்டார். ஜோடிகள் அதைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அம்புஜத்தின் பெயரை யாரும் குறைத்துப் பேசவில்லை. பேசவே இல்லை, அவ்வளவுதான்.

“பத்து வருஷமா கண்ண கெடுத்துக்கிட்டு நான் பண்ணதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு ஃபைலு, அதுக்கு இவ்ளோ ஆட்டமா?” என்றாள் ஒரு சாயங்காலம் கணவனிடம்.

சரவணன் மெட்ரோவில் எலக்ட்ரிஷியன். ஷூவைக் கழற்றிக்கொண்டே, “அவ ஆடறாளா, நீ ஆடறியா?” என்று கேட்டான்.

அம்புஜம் உள்ளே போனாள். அன்று குழம்பில் உப்பு தூக்கலாக விழுந்தது.

அடுத்த வாரம், அனுஷா மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்புஜம் அந்தக் கோப்பைத் திறந்தாள். உள்ளே என்னவோ மாயம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். வெறும் எண்கள். மேலே முப்பத்துமூன்று என்று ஒரு எண். அதன் கீழே முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரிகள், வரிக்கு மூன்று எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் இருட்டிலிருந்து வெளிச்சம் வரை முப்பத்துமூன்று படியாகப் பிரித்து, எல்லாக் கலவைக்கும் ஒரு வரி எழுதியிருந்தது. இரண்டு படிக்கு நடுவே ஒரு நிறம் வந்தால், சுற்றியுள்ள வரிகளைக் கலந்து கம்ப்யூட்டர் தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்.

‘இதையா தேன் தேன்கிறாங்க!’

அன்றிலிருந்து அனுஷா எழுந்து போகும்போதெல்லாம் அம்புஜம் அந்த அட்டவணையைக் குடைந்தாள். ஒரு குறை கிடைத்தால் போதும். ஒரு நாள் கோதுமை நிறத்திலிருந்து கறுப்புக் காப்பி நிறம் வரை பழுப்பு நிறங்களை ஒரு நீளப் பட்டையாகத் தீட்டி, அதன் மேல் தேனைப் போட்டாள். பாதி வரை பொன்னாக ஓடிய பட்டை, ஒரு இடத்தில் சட்டென்று பச்சை கலந்த சாம்பலாக இறங்கியது.

காரணம் உடனே புரிந்தது. அனுஷா லட்டு செய்த கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நல்ல வெளுப்பு. முகம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று மண்டபத்து மரத்தூண்களையும் தலைமுடியையும் அவள் பச்சைச் சாயலில் பின்னுக்குத் தள்ளியிருந்தாள். அந்தப் படத்துக்கு அது அழகுதான். ஆனால் எது கன்னம், எது தூண் என்று அட்டவணைக்குத் தெரியாது. எண் ஒன்றாக இருந்தால் நிறமும் ஒன்றுதான்.

அம்புஜம் தன் போனில் தன்னையே ஒரு படம் எடுத்து அதன் மேல் தேனைப் போட்டாள். அவள் மாநிறத்தைவிடவும் கறுத்தவள். ஜன்னல் வெளிச்சம் பட்ட கன்னம் பொன்னாக மின்னியது. மறுபக்கம் பாசி படிந்த சுவர் மாதிரி இருந்தது. அருவருப்பாக இருக்க வேண்டியது, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படத்தை அழித்துவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் டீ குடிக்கப் போனாள்.

அனுஷா திரும்பி வந்ததும் சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் போயிற்று. அதுவரை தேன் கேட்டு வந்த மணப்பெண்கள் எல்லாரும் வெளுப்பு, அல்லது பார்லரில் வெளுக்க வைக்கப்பட்டவர்கள். தேன் யாரையும் கெடுக்கவில்லை.

பிறகு வித்யாலட்சுமியின் கல்யாணம் வந்தது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிற பெண். பெரிய கண், நல்ல கறுப்பு. ஐந்து நிமிடச் சுருக்க வீடியோவை அன்று மாலையே அனுப்பியாக வேண்டும். அனுஷாவின் மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பையை எடுத்துக்கொண்டே, “அம்பு, தேன் போட்டு வெச்சிருக்கேன். ஓடவிட்டுக்கூடப் பாக்கல. நீ ஒரு வாட்டி பாத்துட்டு ஓகேன்னா அனுப்பிடு, ப்ளீஸ்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அம்புஜம் பார்த்தாள். மணவறையில் அந்தப் பெண் குனிந்து தாலி வாங்கிக்கொள்கிறாள். நெற்றி மஞ்சள். கழுத்தும் தாடையும் பச்சைச் சாம்பல். அரை மணி நேரம் உட்கார்ந்தால் சரிசெய்துவிடலாம். அவள் கை மவுஸின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அப்படியே அனுப்பிவிட்டு, அனுஷாவுக்குச் செய்தி போட்டாள். ‘பாத்துட்டேன். நல்லாதான் இருக்கு.’

நாலாம் நாள் வித்யாலட்சுமி கணவனோடு மாடியேறி வந்தாள். கத்தவில்லை. போனை மேஜை மேல் வைத்து வீடியோவை ஓடவிட்டாள்.

“பார்லர்ல ரெண்டு ஷேடு ஏத்திப் போடறேன்னாங்க சார். வேணாம்னு சண்டை போட்டு என் கலர்லயே மேக்கப் போட்டுக்கிட்டேன். என்கூட லைன்ல நிக்கிற பொண்ணுங்கல்லாம் அன்னிக்கு அவ்ளோ நல்லா இருக்கேன்னு சொன்னாங்க. இத எங்க அத்தை டிவில போட்டுப் பாத்துட்டு, பொண்ணுக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க.” அவள் வீடியோவை நிறுத்தினாள். “நான் என்ன சார் சொல்றது?”

முதலாளி ஒரு முறை பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “அனுஷா! என்ன இது? இதுதான் உங்க தேனா? யார் இத செக் பண்ணி அனுப்புனது?”

எல்லார் முன்னாலும் அனுஷா தலைகுனிந்து நின்றாள். ஒரு மாதமாக அம்புஜம் காத்திருந்த காட்சி இது. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளவும் செய்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அனுஷா நிமிர்ந்து, “என் லட்டுதான் சார். என் தப்புதான்” என்று மட்டும் சொன்னாள். ‘அம்பு பாத்துட்டு ஓகேன்னு சொன்னா’ என்று சொல்லவில்லை. அவளுடைய போனில் அந்தச் செய்தி இருக்கிறது. எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது.

வித்யாலட்சுமி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கை அம்புஜத்தின் கை நிறத்திலேயே இருந்தது.

“இங்க வந்து உக்காரும்மா” என்றாள் அம்புஜம். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்றை இழுத்து ஜன்னலைப் பார்த்துப் போட்டாள். “போட்டோவ வெச்சுப் பண்ணா சரியா வராது. நீ கொஞ்ச நேரம் எதிர்லயே இரு.”

“சரிக்கா.”

தேனை முழுவதும் எடுத்துவிட்டு, வெளிறிய படத்திலிருந்து தொடங்கினாள். அந்தப் பெண்ணின் கன்ன எலும்பின் மேல் செம்பு மாதிரி ஒரு ஒளி இருந்தது. கழுத்து மடிப்பில் நிழல் நாவற்பழ நிறமாக இறங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து, காட்சி காட்சியாக இரண்டு மணி நேரம் திருத்தினாள். முடித்துக் காட்டியபோது வித்யாலட்சுமி திரையைத் தன் போனில் படமெடுத்து, அங்கேயே நின்றபடி யாருக்கோ அனுப்பினாள். பிறகு கணவனைப் பார்த்து, “அத்தைக்கும் அனுப்பிடு” என்றாள்.

அவர்கள் இறங்கிப் போனதும் அனுஷா பக்கத்தில் வந்து நின்றாள். “தேங்க்ஸ் அம்பு. எங்க தப்பாச்சுன்னே எனக்குப் புரியல. நீ எப்படிப் பாத்த ஒடனே தேனையே எடுத்துட்ட?”

“எனக்கு முன்னாடியே தெரியும்.”

“அன்னிக்கு அனுப்பும்போதேவா?”

“அதுக்கும் முன்னாடி. ஒரு மாசம் ஆச்சு. உன் ஃபைலத் திறந்து பாத்தேன். என் மூஞ்சியவே போட்டுப் பாத்தேன்.”

அனுஷா அவளையே பார்த்தாள். “அப்பகூட எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“தோணுச்சு. சொல்லல.”

“ஏன்?”

“வயித்தெரிச்சல். எல்லாரும் உன்னையே சொன்னாங்க.”

அனுஷா திரையிலிருந்த மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “எம்மேல எரிச்சல்னா எங்கிட்ட காட்டியிருக்கணும். அந்தப் பொண்ணு உனக்கு என்ன பண்ணா?” என்று கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அன்று மாலை அம்புஜம் தானாக முதலாளியின் அறைக்குப் போய், பார்த்துவிட்டு அனுப்பியது தான்தான் என்று சொன்னாள். அவர் திட்டினார். ‘உங்ககிட்ட இத எதிர்பாக்கல’ என்று மூன்று தடவை சொன்னார். வேலை போகவில்லை. ஆனால் புது லட்டு செய்யும் பொறுப்பு அனுஷாவிடமே இருந்தது.

குழம்பும் வறுவலும் பங்கு போட்டுக்கொள்வது நின்றது. அனுஷா முன்னறையில் மற்றவர்களோடு சாப்பிட ஆரம்பித்தாள். பேசினாள், வேலை விஷயம் மட்டும். ‘அம்பு’ போய் ‘அம்புஜம்’ வந்தது. அம்புஜம் ஒரு தடவை டப்பாவை அவள் பக்கம் நகர்த்திப் பார்த்தாள். “இன்னிக்கு வேணாம்” என்றாள் அனுஷா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அதிகமாக வலித்தது.

இரண்டு மாதம் கழித்து அனுஷா தேனைத் திருத்தி எடுத்துவந்தாள். பழுப்பை இருபது விதமாகப் பிரித்து, கறுத்த முகங்களின் படங்களாகத் தேடிச் சேர்த்து வைத்து வேலை செய்திருந்தாள். கோப்பை அம்புஜத்தின் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, “எல்லாத்தையும் பாரு. எங்க ஒதைக்குதோ சொல்லு. இந்த வாட்டி உள்ளத சொல்லு” என்றாள்.

அம்புஜம் அரை நாள் பார்த்தாள். மஞ்சளுக்கும் குங்குமத்துக்கும் பக்கத்தில் தோல் வெளிறுகிறது. கறுத்த உதடு நீலம் பாய்கிறது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தை முதலில் சரிசெய்யாமல் இதைப் போட்டால் முகம் முழுக்கப் பச்சை கிளம்புகிறது. மூன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அனுஷா முகம் சுளிக்கவில்லை. சாக்குச் சொல்லவில்லை. ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். “ரெண்டாவது நான் கவனிக்கவே இல்ல. நல்லா புடிச்ச” என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பி, உடனே வேலையில் இறங்கினாள்.

அம்புஜம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வேலையில் ஒருத்தி மூன்று ஓட்டை சொல்லியிருந்தால் தன்னால் இப்படி எழுதிக்கொண்டு போயிருக்க முடியுமா? முடியாது. அதை நினைக்கும்போது, அனுஷாவின் அந்தக் குணத்தின் மேலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.