துவக்குக்கு ஒரு நற்சாட்சி

அன்று முற்றத்தில் இருந்தவர்கள் சரியாக ஐந்து பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி யோகன், யோகனின் மனைவி சுமதி, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த யோகனின் பெரியப்பா மகன் ராசன். ஏன் இவ்வளவு துல்லியம் என்கிறீர்களா? நாளைக்கு யாராவது விசாரித்தால் சொல்ல வேண்டுமே!

விஷயம் துவக்கு, துப்பாக்கிதான். யோகனுக்கு இலங்கைத்துறைக்கு அங்கால் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம். போன போகத்தில் பாதியைக் காட்டுப்பன்றி கிண்டிவிட்டது. இந்த முறையும் போனால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். பயிர்க்காவலுக்குத் துவக்கு கேட்டு விண்ணப்பம் எழுதிவிட்டான். கூடவே ஒரு நற்சாட்சிக் கடிதம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அத்தான், நீங்கள்தான் தரவேணும்."

நானா? துவக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என் பெயரா? இந்த ஊரில் என் வயதுக்காரர் போர்க்காலத்துக்குப் பிறகு அந்தச் சொல்லையே வாயில் எடுப்பதில்லை...

ராசன் சிரித்தான். "இதுக்கே பயப்பிடுறியள் மச்சான்? டெக்சாஸில என்ட தம்பி கடைக்குப் போய் அடையாள அட்டையைக் காட்டி, ஒரு ஃபோம் நிரப்பினவன். கம்ப்யூட்டரில ஏதோ பாத்திட்டு ஓகே எண்டாங்கள். பின்னேரம் துவக்கோட வீட்டை வந்திட்டான்."

எனக்கு இங்கே ஒரு சிம் கார்ட் எடுக்கவே அதைவிட நேரம் போனது!

"அப்ப கனடாவிலயும் அப்பிடியோ?" என்றான் யோகன்.

"சீ! அங்க வகுப்புக்குப் போகவேணும், சோதினை எழுதவேணும். ஜப்பானில பொலிஸ் வீட்டை வந்து, எங்க பூட்டி வைப்பாய் எண்டு பாக்குமாம்."

சோதினை என்றதும் எனக்கு வியர்த்தது. எட்டாம் வகுப்போடு அதற்கெல்லாம் கும்பிடு போட்டவன் நான்.

"கனடாவில இன்னொண்டு. மனிசியின்ட கையெழுத்தும் கேப்பாங்கள். அவ வைக்காட்டி, ஏன் எண்டு அவவிட்டயே விசாரிப்பாங்கள்."

தேத்தண்ணியோடு வந்த சுமதி நின்றுவிட்டாள். "நல்ல நாடு! இந்த மனிசன் பண்டி கலைக்க யானைவெடியைக் கொளுத்திப்போட்டு நெருப்புப்பெட்டியை எறிஞ்சவர், அத்தான். வெடி கையில!"

"அது ஒருக்காத்தானே..."

"பண்டி நிண்டு பாத்தது!"

என் மனைவி சிரித்ததில் அவள் கோப்பைத் தேத்தண்ணி பாதி நிலத்தில்.

சுமதி அடங்கவில்லை. "துவக்கு அலுமாரியில பூட்டி இருக்கும். திறப்பு என்னட்ட. கோவத்தில கேட்டாத் தரமாட்டன்."

"பண்டியில கோவம் வந்தாலுமோ?" என்றான் யோகன்.

"அப்ப யோசிப்பம்."

யோகன் தலையாட்டினான். எனக்கு மூச்சு வந்தது. உலகத்தில் எத்தனை நாடு, எத்தனை சட்டம்! எல்லாச் சட்டமும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றைத்தானே — இந்த ஆளை நம்பலாமா? அதைச் சொல்ல சுமதியைவிடத் தகுதி யாருக்கு?

கடிதத்தை எழுதினேன். என் பெயரைப் போட்டேன். கீழே சுமதியும் கையெழுத்து வைத்தாள்.

மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் உத்தியோகத்தர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாராம். "இதார் ரெண்டாவது கையெழுத்து?"

"என்ட மனிசி, சேர்."

"ஃபோமில அப்பிடிக் கேக்கேல்லையே?"

"ஃபோமில இல்லை சேர்... வீட்டில கேக்கினம்."

அவர் சிரித்துவிட்டாராம். இந்தக் கிழமை அனுமதி வந்துவிட்டது. யோகன் போனில் கத்திய கத்தலில் என் காது இன்னும் கூவுகிறது.

அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம் — யோகன் இப்போதே சுமதியை 'நீங்கள்' போட்டுத்தான் கதைக்கிறான்.